மதுரை நினைவுகளை வைத்து ஒரு வீடு: மனையில் கோடு போடுவதிலிருந்து வாசல் தெளிப்பது வரை

வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் கைபேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். இரண்டு மரத்தூண், ஓர் ஊஞ்சல், ஆத்தங்குடித் தரை, மூலையில் ஒரு பித்தளை அண்டா. "எங்க ஊர் ஞாபகமா இந்த மாதிரி வேணும்" என்பார்கள். கட்டிக் கொடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஊஞ்சலில் மடிக்காத துணி கிடக்கும், தூணில் சைக்கிளைச் சாத்தியிருப்பார்கள். அந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்வார்கள் என்று யாரும் கேட்கவே இல்லை. அதனால்தான் அப்படி ஆகிறது.

நான் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வளர்ந்தவன். இந்த ஊரிலேயே பல வருடமாக வீடுகளுக்குப் பிளான் போட்டு வருகிறேன். முதலில் ஊரின் அன்றாடம், அதிலிருந்து இடம், அப்புறம் அளவு, கடைசியாகத் தோற்றம் என்பதுதான் என் வரிசை. இங்கே சொல்லப்போவது மதுரைக்கான விடைகள். தஞ்சாவூர், கும்பகோணம் என்றால் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு மூன்றரை சென்ட் மனை, அதாவது 30க்கு 50 அடி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நாலு வேளை நடை

பிளான் போடுகிறவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நோட்டும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு பழைய ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள். நாலு வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சந்துகளில் வாசல் தெளிப்பார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாளியை எங்கே வைக்கிறார்கள், படியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கோலம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முற்பகலில் கீழமாசி வீதிப் பக்கம் போனால் மளிகை மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரே ஓர் ஆள் ஏறுகிற மாடிப்படி. அந்தப் படிக்கட்டின் அடியில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சின்ன மனையில் வீடு கட்டுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துத் தெருக்களில் வாசற்படியில் உட்கார்ந்து மல்லி தொடுக்கிற பெண்களைப் பார்க்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூவை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார ஒரு படி எத்தனை அகலம் வேண்டும் என்பதுதான் நமக்குத் தேவை. இரவு பதினொரு மணிக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். மதுரைக்காஞ்சியிலேயே இந்த ஊருக்குப் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி என்று இரண்டு உண்டு. இன்றைக்கும் நடுச்சாமத்தில் இட்லிக் கடையில் ஆவி பறக்கிறது. ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறவர்கள் உள்ள ஊர் இது. மற்றவர்கள் தூக்கம் கெடாமல் அவர்கள் எந்த வழியாக உள்ளே வருவார்கள்? இந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

போட்டோ எடுத்தால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். நான் அளந்த திண்ணைகளில் உட்கார வசதியாக இருந்தவை பெரும்பாலும் ஒன்றரை அடி உயரம், இரண்டே கால் அடி அகலம். அகலம் இரண்டு அடிக்குக் கீழே போனால் வழிப்போக்கர் உட்காரலாம், வீட்டுக்காரர் கால் மடக்கி உட்கார முடியாது.

அப்பத்தாவிடம் சரியான கேள்வி கேளுங்கள்

"பழைய வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் வராது. கூடல்நகர் பக்கம் ஒரு வீட்டுக்காக அந்தக் குடும்பத்து அப்பத்தாவிடம் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

"நல்லாத்தேன் இருந்துச்சுப்பா" என்றார். அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றினேன். "அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வீட்ல எத்தனை பேரு படுப்பீங்க அப்பத்தா?"

"அதையேன் கேக்குற! மேலூரு, செவகங்கைன்னு எங்கிட்டு இருந்தெல்லாமோ வருவாக. இருவது உருப்படி இருக்கும். பொம்பளைக பூராம் கூடத்துல, ஆம்பளைக மச்சுல. சின்னஞ்சிறுசுக முத்தத்தச் சுத்தித் தாவாரத்துல உருண்டு கெடக்கும். மூணு மணிக்கு ஒருத்தி எந்திரிச்சு வெந்நி போட்டான்னா அந்தச் சத்தத்துல எல்லாம் எந்திரிச்சிரும்."

இந்தப் பதிலிலிருந்து மட்டும் பிளானில் நாலு முடிவு எடுத்தோம். கூடம் 12க்கு 18 அடி, நடுவில் நிரந்தரமாக எதுவும் போடக் கூடாது. பாய் ஒன்று இரண்டரை அடி அகலம், ஆகவே 18 அடியில் ஏழு பாய் வரிசையாக விழும், கால்மாட்டில் நடக்க வழியும் மிஞ்சும். தாழ்வாரம் மூன்று அடி போதாது, நாலு அடி. பாய் தலையணை அடுக்கத் தனியாக ஓர் ஆள் உயரச் சுவர் அலமாரி. புறக்கடையிலிருந்தும் நுழையும்படி ஒரு குளியலறை. நோட்டில் எழுதிய ராத்திரிக் கேள்விக்கும் விடை வந்தது: மாடிப்படி கூடத்துக்குள் இல்லாமல், வாசலை அடுத்து உள்ளே போகிற நடையிலிருந்தே ஏறுகிறது, அதனால் நேரம் கழித்து வருகிறவர் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

எங்கே உட்கார்ந்து அரிசி புடைப்பீர்கள், யார் வந்தால் வாசலோடு பேசி அனுப்புவீர்கள், மழைக்கு எங்கே துணி காயப்போடுவீர்கள், ஜுரம் வந்தால் எந்த இடத்தில் படுப்பீர்கள் என்று ஒரு செயலைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கையும் காலும் எங்கே இருந்தன என்பது அவர்களுக்கு மறந்திருக்காது.

ஊரின் வரிசையும் வீட்டின் வரிசையும்

மதுரையின் அமைப்பு எல்லாருக்கும் தெரியும். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. உள்ளே போகப் போகச் சத்தம் குறைந்து, நடை மெதுவாகி, கடைசியில் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். வீட்டிலும் இதே போக்கு இருக்கிறது. தெரு, திண்ணை, நடை, தாழ்வாரம், முற்றம் என்று ஒவ்வொரு படியிலும் உறவு நெருங்குகிறது. தபால்காரர் திண்ணையோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் நடை வரைக்கும், சொந்தக்காரர்கள் முற்றம் வரைக்கும்.

சதுரத்துக்குள் சதுரமாகப் பிளானை வரைந்துவிடாதீர்கள். மூன்றரை சென்டில் அப்படிப் போட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் நடைபாதைதான். ஊரே இதற்கு வேறு வழி காட்டுகிறது. வெளி வீதி இருக்கும் இடத்தில்தான் பழைய கோட்டைச் சுவர் இருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களில், அதை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் இன்றும் வீதிகள் உள்ளன. சுவர் போய் இவ்வளவு காலம் ஆகியும் உள்ளே வருகிற உணர்வு போகவில்லை. ஆகவே வீட்டிலும் ஒவ்வோர் அடுக்குக்கும் சுவர் எழுப்பத் தேவையில்லை. திண்ணையிலிருந்து நடைக்கு ஒரு படி ஏற்றம், நடையில் ஒன்பது அடிக் கூரை, கூடத்தில் பதினொன்று, நடை சற்று இருட்டு, முற்றத்தில் வெளிச்சம். இடம் தானாகப் பிரிந்துவிடும்.

வெயிலைக் கணக்குப் பண்ணுங்கள்

வாஸ்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அதோடு சூரியனையும் பாருங்கள். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இதனால் சித்திரை முதல் வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. ஆவணி நடுவாக்கில் இன்னொரு தடவை அப்படி ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஆனி ஆடியில், மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். "வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது, சன்ஷேட் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அங்கேயும் ஒன்றரை அடி போடுங்கள்.

மேற்கு ஒரு சிக்கல். மாலை வெயில் அங்கிருந்துதான் அடிக்கிறது, ஆடிக் காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. சுவரை முழுக்க அடைத்தால் காற்று போச்சு, பெரிய ஜன்னல் வைத்தால் வீடு வெந்துவிடும். மேற்கில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மூன்றையும் தள்ளிவிட்டு, நடுவில் நாலடி அகலத்துக்குச் செங்கல் ஜாலி (இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டிய சுவர்) வைப்பது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. காற்று நுழையும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும்.

முற்றம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரை வீட்டு நினைவுகளில் பாதி முற்றத்தில்தான் இருக்கிறது, தவறுகளும் இங்கேதான் அதிகம்.

முதலில் அளவு. மார்கழி மத்தியானம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பத்தடி உயரத் தெற்குச் சுவரின் நிழல் அப்போது ஆறரை அடிக்கு மேல் நீளும். முற்றம் தெற்கு வடக்காக ஆறடிதான் என்றால் மார்கழி முழுக்கத் தரையில் வெயிலே படாது, பாசிதான் பிடிக்கும். எட்டடி வைத்தால் வடக்கு ஓரத்தில் ஒன்றே கால், ஒன்றரை அடிக்கு வெயில் கிடைக்கும். துளசி மாடத்தை அந்த ஓரத்தில் வையுங்கள். வடகம் காயப்போடவும் அதுதான் இடம். கிழக்கு மேற்காக ஏழு அடி இருந்தால் போதும். சுற்றிலும் கூரை இரண்டு அடியாவது உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அந்த எட்டடிக் கணக்கு கூரை விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும்.

முற்றத்துத் தரை தாழ்வாரத்தைவிட ஆறு அங்குலம் இறங்கியிருக்கட்டும். எட்டடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். தண்ணீர் போக இரண்டு துளை, ஒன்று இலை அடைத்தாலும் மற்றது வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை தாழ்வாரத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு முற்றமே வெறுத்துப்போகும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்து கட்டாயம்தான். அந்தத் தொட்டிக்கே இந்த நீரையும் விடுங்கள். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 100 சதுர அடியில் விழுவதே கிட்டத்தட்ட 8,000 லிட்டர்.

மேலே மூடலாமா? நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆரம்பக் காலத்தில் ஒரு வீட்டில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் ஒளி ஊடுருவும் ஷீட்டை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் போட்டுவிட்டோம். வீட்டுக்காரர் கேட்டார், நானும் சரி என்றேன். பங்குனி வந்தது. கூடத்தில் மத்தியானம் உட்கார முடியவில்லை, அந்த அம்மா சமையல் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். சூடான காற்று மேலே ஏறி வெளியே போவதற்காக இருக்கும் வழியை நானே அடைத்திருந்தேன். பிறகு ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி நாலு பக்கமும் திறந்து விட்டதும் நிலைமை மாறியது. முடிந்தால் மூடாமல் விடுங்கள். திருட்டுப் பயத்துக்கு அரை அங்குலக் கம்பியில் நாலங்குல இடைவெளியில் கிரில் போதும். கொசு வலையை மேலே போட்டால் தூசியும் இலையும் அடைந்துகொள்ளும், ஆகவே அதை முற்றத்தைப் பார்த்த கதவு ஜன்னலில் போடுங்கள்.

திண்ணையும் நகர விதியும்

முன்பக்கம் காலி இடம் விட வேண்டும் என்று இன்றைய கட்டட விதி சொல்கிறது, பழைய தெருக்களைப் போலத் தெருவோடு திண்ணை வைக்க முடியாது. எத்தனை அடி என்பது உங்கள் சாலை அகலத்தைப் பொறுத்தது, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இடம் என்றால் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடும் இருக்கிறது. விட்ட இடத்துக்குப் பின்னால் திண்ணையை வையுங்கள், சுற்றுச்சுவரை மட்டும் மூன்றடிக்கு மேல் ஏற்றாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் நாலடியில் இருக்கும். சுவர் ஐந்தடி ஆனால் தெரு மறைந்துவிடும், தெரு மறைந்தால் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

கூரை, சுண்ணாம்பு, தரை

பழைய மதுரை வீடுகளில் பல கட்டைகுத்துக் கூரை. சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதிப்பார்கள். இப்போது தேக்கு விற்கிற விலையில் வீடு முழுக்க இது ஆகாது. கூடத்துக்கோ நடைக்கோ மட்டும் செய்யலாம். மற்ற இடங்களில் கான்கிரீட் கூரைக்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தாலே அறைச் சூடு நன்றாகக் குறையும்.

பூச்சுக்குச் சுண்ணாம்பு. 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களே செங்கல்லும் சுதையும்தான். பக்கத்தில் போய்ப் பாருங்கள், கை பட்ட இடமெல்லாம் வழவழப்பு. சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது தண்ணீரில் ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைவு. ஆள் கிடைத்ததும் மொத்தச் சுவரையும் கொடுத்துவிடாமல் மூன்றடிக்கு மூன்றடி ஓரிடத்தில் பூசச் சொல்லி ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். வெடிப்பு இல்லை, கையில் ஒட்டவில்லை என்றால் தொடரலாம்.

உங்களிடம் பழைய வீடே இருந்தால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுவரில் ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்காலத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும், செங்கல்லையும் கூடவே அரித்துக்கொண்டு.

ஆத்தங்குடிக் கல் காரைக்குடிப் பக்கம், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டுக் கையால் செய்வது, சூளையில் வேகாதது. ஒருதடவை நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். வீடு முழுக்கப் பதித்தால் கண் ஓயாது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் மட்டும் போட்டுவிட்டு, கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடு தரை போடுவேன் நான். பாய் விரிக்க அதுதான் குளிர்ச்சி. ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம், இரண்டு தரைக்கும் ஆகாது.

மொட்டை மாடி

சித்திரைத் திருவிழாவை மாடியிலிருந்து பார்த்த ஊர் இது. மாசி வீதியில் தேர் திரும்பும்போது மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் தலையாக இருக்கும். உங்கள் மனை புறநகரில், தேர் வராது. ஆனால் புழுக்கத்தில் மாடியில் படுப்பது, துணி காயப்போடுவது, வற்றல் போடுவது எல்லாம் அங்கேயும் உண்டு. தண்ணீர்த் தொட்டியையும் சோலார் தகட்டையும் ஒரு மூலையில் ஒதுக்கி, குறைந்தது 12க்கு 20 அடி சும்மா கிடக்கட்டும். சுங்குடிச் சேலை 18 அடி நீளம், கொடி கட்டும் கம்பிகளை 20 அடி இடைவெளியில் ஊன்றினால் மடிக்காமல் காயும். மாடியில் ஒரு குழாய் கட்டாயம். பொழுது சாய்ந்ததும் தரையில் தண்ணீர் தெளித்தால்தான் ஒன்பது மணிக்குப் பாய் விரிக்க முடியும்.

அஸ்திவாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம்

பிளான் முடிந்ததும் கடைக்கால் தோண்டுவதற்கு முன் கோலப்பொடியால் மனையில் முழு அளவுக்குக் கோடு போடுங்கள். வீட்டில் எல்லாரும் போய், கூடத்தில் பாயை விரித்து, திண்ணை வரும் இடத்தில் செங்கல் அடுக்கி உட்கார்ந்து, ஒரு தூக்கில் காபி கொண்டுபோய்க் குடியுங்கள். கூடல்நகர் அப்பத்தா கோட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு, "அடுப்படில இருந்து வாசல் தெரியலையேப்பா. ஆளு வந்தா எப்படித் தெரியும்?" என்றார். கதவை இரண்டடி நகர்த்தினோம். காகிதத்தில் அதை யாரும் பார்த்திருக்க முடியாது.

சுவர் எழும்பும்போதே முடிக்க வேண்டிய இரண்டு சின்ன வேலை. ஒன்று, வாசல் நிலையின் இரு பக்கமும் மாடக்குழி. எட்டங்குல உயரம், ஆறங்குல அகலம், நாலரை அங்குல ஆழம். ஒன்பதங்குலச் சுவரில் அரைக்கல்லை விட்டுக் கட்டினால் வந்துவிடும், கார்த்திகை அகல் காற்றில் அணையாது. பின்னால் வெட்டினால் சுவர் கெட்டுப்போகும்.

இன்னொன்று, வாசல் குழாய். படிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வாளி அடியில் நிற்கும்படி. வாசலுக்கு முன்னால் நாலடிக்கு நாலடி கருங்கல் பாவி, தெருவைப் பார்த்து லேசாக வாட்டம் கொடுங்கள். டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும், கோலப்பொடியும் நிற்காது. கல்லைக் கொத்தி விட்ட சொரசொரப்பு இருக்கட்டும், புள்ளி வைத்தால் நகராது.